நாலு அடி தள்ளி

பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்வதுதான் தாட்சாயணியின் உத்தியோகம். படிக்காமல் செய்தால் அதற்கு ஜோசியம் என்று பெயர், பட்டம் வாங்கிச் செய்தால் புவிப் புள்ளியியல். நெய்வேலியில் நிலக்கரியைக் கணக்கிடக் கற்றுக்கொண்டவள், இப்போது செவ்வாய்க் கிரகத்தில் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

நெடுமணல் குடியிருப்பே அந்தப் பனியை நம்பித்தான் இருந்தது. குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். அதைப் பிளந்துதான் மூச்சுக் காற்று. குடியிருப்புக்கு வடக்கே, செம்மண்ணுக்கு அடியில் பனி புதைந்து கிடந்த நிலத்தை எல்லாரும் வயல் என்றார்கள். பரப்பைப் பார்த்தால் நம் ஊர்த் தாலுகா ஒன்று தேறும். அவ்வளவு பெரிய நிலத்தில் துளை போட்டிருந்தது முப்பது இடங்களில்கூட இல்லை. ஒவ்வொரு துளையும் ஒரு சாண் அகலம். அந்தச் சாண்களை வைத்துக்கொண்டு தாலுகா முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

தாட்சாயணி சொன்னாள். துளைகளிலிருந்து வந்த மாதிரிகளில் எவ்வளவு பனி, எந்தத் துளைக்கு எது எவ்வளவு தூரம், தூரம் கூடக் கூட ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்றெல்லாம் கணினியில் போட்டு, துளை போடாத இடங்களில் என்ன இருக்கும் என்று ஊகித்து, மொத்தம் ஆறு லட்சம் டன் என்றாள். குறைந்தது மூன்று லட்சம் இருந்தால் இன்னும் முந்நூறு பேரைக் கூப்பிடலாம் என்பது பூமியில் போட்ட விதி. ஆறு இருக்கும்போது யார் தயங்குவார்கள். முந்நூறு பேரோடு கப்பல் கிளம்பிவிட்டது.

அந்த முந்நூறில் தெய்வானை என்ற பெண்ணும் அவளுடைய ஏழு வயது மகள் மகிழினியும் இருந்தார்கள். தெய்வானையின் கணவர் செங்கோட்டுவேலன்தான் வயலில் துளை போடுகிறவர். திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த ஊர் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை, கடைசியில் கிரகமும் தாண்டின. வாரம் தவறாமல் தாட்சாயணியின் அறை வாசலில் வந்து நின்று, கப்பல் எங்கே வருகிறது என்று கேட்பார். அது அவளுடைய வேலை இல்லைதான். ஆனால் அவர் கேட்பதற்காகவே அவள் தினமும் பார்த்து வைத்திருப்பாள்.

தொந்தரவு ஒரு சுரங்கக் குழியில் ஆரம்பித்தது. பனியை வெட்டியெடுக்கும் இயந்திரத்தை, நல்ல துளைகள் இரண்டுக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கினார்கள். தாட்சாயணியின் வரைபடத்தில் அந்த இடம் கருநீலம், அதாவது அடர்ந்த பனி. வந்தது வெறும் புழுதி. இன்னோர் இடத்தில் இறக்கினார்கள், அங்கேயும் புழுதி. ஒரு தரம் தவறினால் அதைக் கணக்கின் இயல்பு என்று விட்டுவிடலாம். இரண்டு தரம் தவறினால் அப்படி விட முடியாது.

வந்ததிலிருந்து அவள் வயலுக்குப் போனதே இல்லை. போகத் தேவையில்லை என்றுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அன்று கவச உடையை மாட்டிக்கொண்டு செங்கோட்டுவேலனுடன் வண்டியில் ஏறினாள். பின்னால் அவருடைய மாப்பிள்ளை பொன்னுச்சாமி உட்கார்ந்திருந்தான். தெய்வானையின் தம்பி, ரிக்கில் அவருக்கு வலது கை. முகத்தில் எப்போதும் யாரையோ கிண்டல் செய்துவிட்டு வந்த களை இருக்கும்.

துளை போட்ட இடங்களில் மஞ்சள் கொடிகள் நட்டிருந்தன. அவை வரைபடத்தில் இருந்தபடியே இருந்தன. வரைபடத்தில் இல்லாதவையும் இருந்தன. கொடிகளைச் சுற்றி அங்கங்கே மூன்று மூன்று கற்களாகக் கூட்டி வைத்திருந்தது. அடுப்புக் கூட்டியதுபோல.

"அது என்ன அண்ணே?" என்று தாட்சாயணி கேட்டாள்.

செங்கோட்டுவேலன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணே, உங்களத்தான் கேக்கறேன்."

"அது ஒண்ணுமில்லீங்க மேடம். புகை வந்த குழிங்க."

ஆழ்துளைக் கிணறு போடும்போது தண்ணீர் வராமல் வெறும் கல்தூசு மேலே பறந்தால் அதைப் புகை என்பார்கள். அது தாட்சாயணிக்குத் தெரியும். வந்த புகை தன்னிடம் வரவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

"புகை வந்ததை ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுங்க. எங்க தொழில்ல அது வழக்கம். புகை வந்துட்டா மூணு கல்ல வெச்சு மூடிட்டு, அந்தக் குழியப் பத்தி வாயத் தொறக்கமாட்டோம். தொறந்தா அடுத்த குழியும் புகையாப் போயிரும்."

"அப்புறம்?"

"அப்பறமேட்டுக்கு நாலு அடி அக்கட்டால தள்ளிப் போடுவோம். அங்கயும் வல்லைன்னா இன்னும் நாலு அடி. தண்ணி வர்ற வரைக்கும் உடமாட்டம். ஊர்ல காசு குடுக்கறவன் தண்ணிக்குத்தானுங்க குடுக்கறான், புகைக்குக் குடுக்கறானா. வந்ததும் அந்த மாதிரிய உங்களுக்கு அனுப்பிடுவோம். நீங்க சொன்ன பாயிண்டுக்கும் அதுக்கும் பத்துப் பதினஞ்சடி வித்தியாசம் இருக்கும். அதென்ன பெரிய தூரமுங்களா?"

அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. நல்லபடியாக வேலை செய்து முடித்தவனின் சமாதானம்தான் இருந்தது. அதுதான் தாட்சாயணிக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. யார்மேல் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம். சுற்றிலும் பார்த்தாள். கொடிகளைவிடக் கற்கள்தான் அதிகம்.

"நான் சாம்பாரை ஒரு கரண்டி எடுத்து ருசி பாத்துட்டு அண்டா முழுக்க இப்படித்தான்னு சொல்ற மாதிரி வேலை செய்யறேன் அண்ணே. நீங்க காய் சிக்கற வரைக்கும் துழாவித் துழாவிக் கரண்டியில எடுத்துக் குடுத்திருக்கீங்க. அண்டா பூரா காய்தான்னு நான் எழுதிட்டேன்."

"தண்ணி வேணும்னுதானுங்க போட்டோம்" என்றார் அவர்.

"எனக்குத் தண்ணி வேண்டாம். என்ன இருக்குன்னு தெரியணும். வந்ததையும் சொல்லணும், வராததையும் சொல்லணும். வராததைச் சொல்லலைன்னா அந்த இடம் எனக்கு வெத்திடம். வெத்திடத்தை நான் பக்கத்துல இருக்கறதை வெச்சு நிரப்பிடுவேன். பக்கத்துல எல்லாம் நீங்க அனுப்புன பனி."

பின்னாலிருந்து பொன்னுச்சாமி மெதுவாகக் கேட்டான். "அப்ப ஆறு லட்சம் இல்லீங்களா மேடம்?"

அவள் கற்களை எண்ணத் தொடங்கியிருந்தாள். செங்கோட்டுவேலன் வண்டியை நிறுத்திவிட்டார். அவருக்கு ஆறு லட்சம் என்ற எண் புரிந்திருக்காது. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் தன் மகளைக் கப்பலில் ஏற்றினார்கள் என்பது புரிந்துவிட்டது.

கற்களையெல்லாம் பூஜ்யமாகப் போட்டுத் தாட்சாயணி மறுபடி கணக்கிட்டாள். நிர்வாகி இதயராஜ் எதிரில் உட்கார்ந்து முடிவு வரும்வரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நல்ல செய்தி மட்டுமே கேட்டுப் பழகியவர் என்பது ஒரு குறை.

"எவ்வளவு?"

"ரெண்டு லட்சத்துல இருந்து நாலு லட்சம் வரைக்கும் சார்."

"வேணுங்கறது மூணு. ரெண்டுல இருந்து நாலுன்னா அது பதிலா தாட்சாயணி? இருக்கும், ஆனா இருக்காதுன்னு சொல்றீங்க."

"தெரிஞ்சது அவ்வளவுதான் சார். ஆறுன்னு சொன்னப்பதான் தெரியாததைச் சொன்னேன்."

கப்பல் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது. இன்னும் ஒன்பது நாட்களுக்குள் பாதையைத் திருத்தினால் அது இங்கே இறங்காமல், செவ்வாயைச் சுற்றி வளைந்து பூமிக்கே திரும்பிவிடும். ஒன்பது நாள் தாண்டினால் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இறங்கினால், தண்ணீர் போதாவிட்டால், ஏற்கெனவே இருக்கிற நூற்றைம்பது பேரும் வருகிற முந்நூறு பேரும் சேர்ந்து மூச்சுத் திணற வேண்டியதுதான். மருந்தும், தரையைத் துளைக்கும் ரிக் பற்களும் அந்தக் கப்பலில்தான் இருந்தன. திருப்பி அனுப்பினால் அவையும் போய்விடும். அடுத்த கப்பல் வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"மருந்தை மட்டும் போட்டுட்டுப் போகச் சொல்ல முடியாதா?"

"அந்த வேகத்துல எதைப் போட்டாலும் எரிஞ்சிடும் சார். நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

இதயராஜ் எழுந்து வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். "ரிக்குக்கு இன்னும் ஒரு பல் மிச்சம் இருக்கு. ஒரு குழி போடலாம். கிழக்கால, நல்லாப் பனி வந்த கொடி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல போட்டுப் பாருங்களேன்."

"அங்க போட்டா பனி வரும் சார். நமக்கெல்லாம் சந்தோஷமா இருக்கும். வேற எதுவும் தெரியாது."

அவள் வரைபடத்தின் வடக்கு மூலையைக் காட்டினாள். கொடியும் இல்லாத, கல்லும் இல்லாத பெரிய பரப்பு. "எனக்கு எது சுத்தமாத் தெரியாதோ அங்க போடணும். இங்க பனி இருந்தா வடக்கு முழுக்க நிமிரும், மூணு தாண்டிடும். இல்லைன்னா ரெண்டுதான். ஒரு குழி போதாதுதான். ஆனா ஒண்ணுதான இருக்கு."

"பாயிண்ட் நீங்களே குறிச்சிடுங்க" என்றார் இதயராஜ். பொறுப்பைக் கைமாற்றிவிட்ட நிம்மதி அவர் தோளில் தெரிந்தது.

புள்ளியை அவள் மனதால் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கே போட்டால் சந்தேகம் அதிகம் குறையும் என்று கணினியைக் கேட்டு, அது காட்டிய இடத்தில் தானே போய் ஒரு கம்பியை ஊன்றினாள். ரிக் வந்து நின்றது. செங்கோட்டுவேலன் உடையின் பையிலிருந்து ஒரு கற்பூரத் துண்டை எடுத்துக் கம்பியின் அடியில் வைத்தார். செவ்வாயின் காற்றில் கற்பூரம் எரியாது. முதல் துளையிலிருந்தே அவர் பற்றாத கற்பூரத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"புகை வந்தா சொல்லணும் அண்ணே" என்றாள் தாட்சாயணி.

"சொன்னா அவ திரும்பிப் போயிருவாளுங்களே."

"ஆமா."

"புள்ளயும்."

"ஆமா அண்ணே. சொல்லலைன்னா இங்க வந்துடுவாங்க. வந்த பிறகு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் குனிந்து கற்பூரத்தைக் கம்பியோடு ஒட்டி வைத்தார். "நான் சொல்லீர்றனுங்க" என்றார்.

துளை இறங்கியது. இருபது அடிக்குப் புழுதி. ஐம்பது அடிக்கும் புழுதி. கிரகம் தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் செந்தூளாக்கி மேலே ஊதிக்கொண்டிருந்தது. நூறு அடி தாண்டியதும் பல்லின் சத்தம் மாறியது. தேய்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் தாங்கும்.

பொன்னுச்சாமி ரேடியோவில் பேசினான். "மச்சான், பல்லுல இன்னும் கொஞ்சம் உசுரு இருக்குது. எடுத்து நாலு அடி அக்கட்டால தள்ளிப் போடலாம். இது நம்ம கணக்குக்கு வர்ற எடந்தான். என்ற கை சொல்லுது."

"மேடத்தக் கேளு மாப்ள."

"மேடம், நாலு அடி. நாலே அடிங்க. அக்கா வர்றாங்க, உட்டுப் பாக்கலாமுங்க."

தள்ளிப் போடு என்று சொல்லிவிடத் தாட்சாயணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தள்ளித் தள்ளிப் போட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறோம். பனி வந்தால் அது வயலின் பதில் இல்லை, நம்முடைய ஆசையின் பதில்.

"பாயிண்ட் மாறக் கூடாது பொன்னுச்சாமி" என்றாள். "அதுலயே முடிஞ்ச வரைக்கும் போங்க."

பல் உடைந்தது. புழுதி அடங்க நேரம் பிடித்தது. அதன்பின் செங்கோட்டுவேலனின் குரல் ரேடியோவில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்கிறவரின் குரல்.

"புகைதானுங்க மேடம். புகை."

கப்பலைத் திருப்பச் சொல்லி அன்றே செய்தி போனது. செங்கோட்டுவேலன் சொன்னதால்தான் திருப்புகிறார்கள் என்று கப்பலிலும் சொல்லியிருப்பார்கள்போல. தெய்வானையிடமிருந்து அவருக்குச் சில நொடிகளே ஓடும் ஒரு குரல்பதிவு வந்தது. "நீங்க பாத்துத்தான் சொல்லியிருப்பீங்க. சரிங்க. பொன்னுச்சாமிய வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க." அவ்வளவுதான். பின்னணியில் மகிழினி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாள் என்று பிடிபடவில்லை. அதற்காகவே அவர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

கப்பல் கடந்த நாளன்று, கண்ணாடிக் கூரைக்குக் கீழே எல்லாரும் நின்றார்கள். மங்கிய வானத்தில் ஒரு புள்ளி தெற்கிலிருந்து வந்து, யாரையும் கேட்காமல் வடக்கே போயிற்று. பொன்னுச்சாமி மட்டும் கை ஆட்டினான். செங்கோட்டுவேலன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தாட்சாயணி அவர் பக்கத்தில் நின்றாள். தன் தவறு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கூட்டம் கலைவதற்கு முன்னால் அவள் உள்ளே போய்விட்டாள்.

நூற்றைம்பது பேருக்குத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. மருந்துதான் இல்லை. முதலில் வயதானவர்கள் இரண்டு பேர் போனார்கள். பிறகு இயந்திரத் தகடு ஒன்று கிழித்துப் பொன்னுச்சாமியின் உள்ளங்கையில் காயம் பட்டது. ஊரில் என்றால் ஓர் ஊசியோடு தீர்ந்திருக்கும். இங்கே சீழ் கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து ரத்தத்துக்கும் ஏறியது. காய்ச்சலின் நடுவிலும் அவன் கிண்டலை விடவில்லை. பார்க்க வந்த தாட்சாயணியிடம், "என்னைய வெச்சு இந்த ஊரையே கணக்குப் போட்றாதீங்க மேடம்" என்றான். அவள் சிரித்தாள். வெளியே வந்து அழுதாள். அந்த வாரமே அவன் இறந்துபோனான்.

நெடுமணலில் பிணத்தை எரிக்கக் காற்று இல்லை, புதைக்கத்தான் வேண்டும். புதைப்பதற்கும் ஒரு விதி இருந்தது. பனியுள்ள நிலத்தில் புதைக்கக் கூடாது, குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். பனி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில்தான் புதைக்கலாம். கல் வைத்த குழிகளுக்கெல்லாம் பத்தடியில் பனி இருந்தது; நிச்சயமாகத் தெரிந்த இடம் வயலில் ஒன்றுதான். அந்தக் கடைசித் துளை. முதலில் போன இரண்டு பேரையும் அதற்குத் தெற்கே சற்றுத் தள்ளித்தான் புதைத்திருந்தார்கள்.

துளையை ஒட்டிப் புதைத்தால் மண் சரியும் என்று செங்கோட்டுவேலன் கொஞ்சம் விலகி நின்று தோண்டத் தொடங்கினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. மாப்பிள்ளைக்கு நானே தோண்டுவேன் என்றார். வெள்ளைத் துணியில் சுற்றிய உடல் வண்டியில் இருந்தது. தாட்சாயணி அதன் அருகில் நின்றாள். இடுப்பளவு தோண்டியதும் மண்வெட்டி ஒரு சத்தம் போட்டது. கல்லில் படும் சத்தம் இல்லை.

அவர் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். பிறகு எழாமல் அப்படியே இருந்தார். தாட்சாயணி இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

பனி. தரையில் பரப்பியதுபோல இல்லை. நிலம் பிளந்த பிளவில் ஊற்றி வைத்த சுவர்போலச் செங்குத்தாக, பால் வெள்ளையாக, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தை அவர் தோண்டிப் பார்த்தார். அகலம் கை விரித்தாலும் அடங்கவில்லை. அவர்கள் போட்ட துளை அந்தச் சுவருக்கு இணையாக, அதைத் தொடாமலே, பல் உடையும்வரை இறங்கியிருந்தது. துளைக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இருக்கும் என்று இரண்டு பேரும் கண்ணால் அளந்தார்கள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இதக் கணக்குல ஏத்துங்க" என்றார் செங்கோட்டுவேலன்.

"அண்ணே, இப்ப வேண்டாம்."

"வந்ததையும் சொல்லோணும், வராததையும் சொல்லோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஏத்துங்க."

அவள் மணிக்கட்டுத் திரையில் அந்த இடத்தைக் குறித்தாள். கணினிக்குத் துக்கம் ஏது. வடக்கு மூலை மெல்ல நீலமாகி, எண் மேலே ஏறி நின்றது.

"எவ்வளவுங்க ஆச்சு?"

பொய் சொல்லிவிடலாம். அவரால் சரிபார்க்க முடியாது. ஆனால் அவரை உண்மை சொல்ல வைத்ததே அவள்தான்.

"மூணு தாண்டிடுச்சு" என்றாள். அவசரமாக, "இதுவும் ஒரு குழிதான் அண்ணே. இதை வெச்சும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. இந்த ஒரு சுவரோட முடிஞ்சும் போயிருக்கலாம். கப்பல் வந்திருந்தா எல்லாருக்கும் போதுமா இருந்திருக்கும்னு யாராலயும்…" என்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றார் அவர்.

அவர் தோண்டிய மண்ணையெல்லாம் திரும்பப் பனியின்மேல் தள்ளி மூடினார். பனியுள்ள நிலத்தில் புதைக்கக் கூடாதே. மூடி முடித்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வண்டியில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். துளைக்கு மறுபக்கம் இருந்த வெறும் மண்ணைப் பார்த்தார். பிறகு, பாயிண்ட் குறிக்கிறவளிடம் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார்.

"நாலு அடி அக்கட்டால தள்ளிப் போட்டுக்கலாமுங்களா அம்மிணி?"

தாட்சாயணி தலையை ஆட்டினாள். தலைக்கவசத்துக்குள் ஆட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் காத்துக்கொண்டே நின்றார்.

"போடுங்க அண்ணே" என்றாள்.